டபுள் கெப்புக்குப் பின்னால் எந்தக் கூடு?

கனடாவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "என்ட டகோமா 6,500 இறாத்தல் இழுக்கும் மச்சான். உன்ட ஹைலக்ஸ் அதவிடக் கூட இழுக்கும். பெரிய கரவனாப் பார்த்து எடு." கல்லடியிலிருந்து உகந்தை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் இரண்டு மூன்று இரவு தங்கி வர, கெப்புக்குப் பின்னால் இழுத்துப் போய்ப் படுக்கிற ஒரு கூடு இருந்தால் நல்லது என்று நான் வாய்விட்டதன் விளைவு.

டகோமா, ஹைலக்ஸ் இரண்டும் டொயோட்டாவின் கெப், பின்னால் சாமான் தட்டு உள்ள வண்டி. அவன் கணக்கு பிழையில்லை, அரைவாசிக் கணக்கு. 6,500 இறாத்தல் என்பது கிட்டத்தட்ட 2,950 கிலோ. ஹைலக்ஸ் டீசல் டபுள் கெப்புகள் பலவற்றுக்கு, இழுக்கும் பெட்டி (ட்ரெயிலர்) பிரேக் உள்ளதென்றால் 3,500 கிலோ வரை போட்டிருக்கிறார்கள். ஆனால் இழுக்கும் எடை விளம்பரத்தில் வரும். சுமக்கும் எடை கதவைத் திறந்தால்தான் தெரியும். பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம், கெப்பின் பின்னால் பெட்டியைக் கொழுவும் கொக்கிப் பந்தில் குந்த வேண்டும். 2,500 கிலோ கரவன் என்றால் 300 கிலோ அளவு கெப்பின் பின்புறத்தில் ஏறும். அது கெப் சுமக்கும் சுமையில் சேர்த்தி.

அவன் டகோமாவின் சாரதிக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை வாசி என்றேன். ஆட்களும் சாமானும் சேர்த்து 1,120 இறாத்தல், அதாவது 510 கிலோ அளவு. கொக்கிக்கு 300 போனால் மிச்சம் 210. அவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு ஐஸ் பெட்டி. அதன் பிறகு அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

ஹைலக்ஸ் அதைவிடக் கூடச் சுமக்கும், சரி. ஆனால் கெப்பும் பெட்டியும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 3,500 கிலோவையும் இழுத்துக்கொண்டு கெப்பையும் நிரப்ப அது விடாது. என் முடிவு: நடுத்தரக் கெப்புக்கு, சாமான் தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு 1,600 கிலோவுக்கு மேல் போகும் எதையும் பார்க்கவே வேண்டாம்.

இந்தக் கொக்கி எடைக் கணக்கை நான் புத்தியால் படிக்கவில்லை, பயத்தால் படித்தேன். போன பெரும்போகத்தில் இரவல் வாங்கிய ஒற்றை அச்சுப் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி, தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்றுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். இறக்கச் சுகம் என்று மூட்டைகளைப் பின் பலகையோடு அடுக்கியிருந்தது. எழுபதைத் தொட்டதும் பெட்டி நாய் வாலாட்டுகிற மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும். ஸ்டேரிங்கை நேரே பிடித்து, காலை மட்டும் எடுத்தேன். தானாக அடங்கியது.

நெல் மில்லில் மேடைத் தராசின் மேல் ஒரு மரக்குற்றியை வைத்து, கொழுவியிருக்கும்போது நிற்கிற அதே உயரத்தில் பெட்டியின் மூக்கை இறக்கினோம். பெட்டியும் நெல்லும் 700 கிலோ. மூக்கில் வெறும் 20. மூன்று மூட்டையை ஒரு மீற்றர் முன்னுக்குத் தள்ளியதும் தராசு நூறைத் தொட்டது. திரும்பி வரும்போது எண்பதிலும் பெட்டி அசையவில்லை. கரவன் வாங்குகிறவர்களும் விற்பவரின் வாயை நம்பாமல் இப்படி ஒருக்கா நிறுத்துப் பார்க்கலாம்.

இனிக் கூடுகள். முதலாவது, கட்டிச் சுவர் கரவன். கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளே. பெண்பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கழிப்பறை ஒன்றே போதும், மற்ற வாதமெல்லாம் தோற்கும். அமெரிக்கக் கசிட்டா நிறுவனத்தின் 17 அடிக் கூட்டின் உச்ச எடை 3,500 இறாத்தல், 1,590 கிலோ வரும். நடுத்தரக் கெப்புக்கு அளவெடுத்தது போல. அதன் ஓடு ஃபைபர் கிளாஸ். அச்சில் வார்த்த இரண்டு ஓடுகளை மேலும் கீழுமாக ஒட்டியது. பொருத்துகள் குறைவு, ஒழுக்கும் குறைவு. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த மலிவான ரகத்தை நம் கடற்கரையில் நாலு மாரிக்கு நிறுத்திப் பாருங்கள். தகடு பளபளக்கும், உள்ளே சட்டம் உக்கியிருக்கும்.

ஆனால் அமெரிக்கக் கரவனின் கதவு வலப்பக்கம். அவர்களுக்கு அது வீதி ஓரம். நமக்கோ, ஓரங்கட்டி நிறுத்தினால் பிள்ளை இறங்குவது பஸ்ஸின் முன்னால். உள் மின்சாரமும் 120 வோல்ட், நம் வீட்டு 230 ஆகாது. இழுத்துக்கொண்டு போகப் போவதென்றால் ஆஸ்திரேலியா, இங்கிலாந்துப் பக்கத்துக் கூடுதான் சரி. அதிலும் பிரேக் வேறுபடும். ஆஸ்திரேலியக் கூட்டில் பெரும்பாலும் மின் பிரேக், கெப்பில் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்ட வேண்டும். இங்கிலாந்துக் கூடு, கெப் மெதுவாகும்போது முன்னுக்கு முட்டி, அந்த உந்தலிலேயே தன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வரி, பதிவு தனிக்கதை.

அகலமும் ஒரு தலையிடி. ஹைலக்ஸ் 1.85 மீற்றர், பல கரவன்கள் இரண்டேகாலைத் தாண்டும். நோன்பு காலத்துப் பின்னேரம், காத்தான்குடியில் நடுவில் பேரீச்ச மரம் நிற்கிற வீதியில் அதை இழுத்துப் போவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

மடித்து விரிக்கும் கூடாரப் பெட்டி பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடும்போது தாழ்வாக இருக்கும், டீசல் மிச்சம், பின் கண்ணாடியில் வீதி தெரியும். ஆனால் ஈரத்தோடு மடித்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம். யானை நடமாடும் இடத்தில் துணிச்சுவருக்குள் என் மனைவி படுக்கமாட்டா. விஷயம் முடிந்தது.

கடைசியாக டியர்ட்ரொப், கண்ணீர்த்துளி வடிவக் குட்டிக் கூடு. உள்ளே இருவர் படுக்க மட்டும் இடம், பின் மூடியைத் தூக்கினால் அடுப்படி. ஏற்றிய எடையை 750 கிலோவுக்குள் வைத்தால் ஹைலக்ஸின் பிரேக் இல்லாத வரம்புக்குள்ளேயே நிற்கும். கெப்பின் அகலத்துக்குள் மறைந்துவிடும். கல்முனையில் பெட்டி ஒட்டுகிற எவரும் சட்டம் அடித்துத் தருவார். கறளுக்கு கல்வனைஸ் பண்ணுவதில் மட்டும் காசு பார்க்கக் கூடாது.

குறை இல்லாமலா? கச்சான் அடிக்கும் ஆடி மாதத்தில், இரு பக்கமும் யன்னலும் கூரையில் 12 வோல்ட் ஃபேனும் இல்லாவிட்டால் உள்ளே அவிந்து போவீர்கள். பெரிய கரவனில் ஏசி உண்டு, ஆனால் காட்டுக்குள் அதற்கு ஜெனரேட்டரின் இரைச்சலும் சேர்ந்து வரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: குட்டிப் பெட்டியை ரிவேர்ஸ் எடுப்பது பெரியதைவிடக் கஷ்டம். ஸ்டேரிங் கொஞ்சம் திரும்பினாலே பெட்டி முறித்துக்கொண்டு போகும். உகந்தை வழியில் பாணமைக்கு அங்கால் மண் பாதையில் முன்னால் யானை நின்றால் பின்னுக்குத்தான் போக வேண்டும். டியர்ட்ரொப்பில் ஒரு ஆறுதல்: யானை இல்லாத, இறுகிய சமதரை என்றால், கழற்றி இரண்டு பேர் கையால் திருப்பிவிடலாம்.

எனக்கு டியர்ட்ரொப்தான். பிள்ளைகள் இருவருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கூடாரம் அடிக்கச் சொன்னேன். அவர்கள் கூட்டுக்குள்தான் படுப்பார்களாம், அம்மாவும் அப்பாவும் கூடாரத்தில் படுக்கட்டுமாம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மாமிக்கு எங்கே இடம் என்று மட்டும் கேட்க மறந்துபோனேன். படத்தைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"இதுக்குள்ள யாரு மகன் படுக்கிற? எனக்கு முருகன்ட வாசல்ல ஒரு பாய் போதும்."