பாறை ஓவியமா, பானை ஓடா?

லிபியாவின் தென்மேற்கில் இருக்கும் அக்காக்கஸ் மலைப்பகுதி இன்று வெறும் பாறையும் மணலும்தான். சகாரா பச்சையாக இருந்த காலத்தில் அங்கே மாடு மேய்த்தவர்களின் வாழ்க்கையை அறிய இரண்டு தடயங்கள் கைகொடுக்கின்றன: பாறை ஓவியங்கள், உடைந்த பானை ஓடுகள்.

ஓவியங்கள் கண்ணுக்கு விருந்து. மடி கனத்த பசுக்கள், பக்கத்தில் மேய்ப்பர்கள். ஆனால் வயதைக் கேட்டால் திணறும்: காவி போன்ற தாதுச் சாயத்தில் கரிமம் (கார்பன்) இல்லாவிட்டால், அதை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறைக்குப் பிடி கிடைக்காது. வரைந்தது அன்றாடக் காட்சியா, சடங்கா, வெறும் ஆசையா? அதுவும் விளங்காது.

பானை ஓட்டில் பார்க்க ஒன்றுமில்லை. சரி, பொடித்துப் பார்த்தால்? மெருகிடாத மண்பானையின் நுண்துளைகளில் ஊறிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுகிறது. கொழுப்பு அமிலங்களின் கார்பன் ஐசோடோப்பு (எடை மட்டும் வேறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதம் பால் கொழுப்பையும் இறைச்சிக் கொழுப்பையும் பிரித்துக் காட்டிவிடும். அதே அக்காக்கஸ் பகுதியில் உள்ள தகர்கோரி பாறைக் குடிலில் கிடைத்த ஓடுகளில் இப்படித்தான் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய பால் சிக்கியது; அந்த ஆய்வு 2012-இல் வெளியானது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஓட்டின் கட்சி. என்ன, அந்த மாடுகளின் நிறத்தையும் கொம்பின் வளைவையும் மட்டும் அதனிடம் கேட்க முடியாது.