வீடு தேடுவோருக்கு வாக் ஸ்கோர் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?
பெருநகரில் வீடு தேடுவோரில் பலர் வாடகையையும் அறைகளையும் பார்த்து முடித்த பிறகே, அந்த வீடு அமைந்துள்ள பகுதியைப் பற்றி யோசிக்கின்றனர். அந்த வரிசையை மாற்ற உதவும் இணையச் சேவை வாக் ஸ்கோர். 2007இல் தொடங்கப்பட்ட இது, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலுள்ள முகவரிகளுக்கு, அன்றாட வேலைகளை நடந்தே முடித்துக்கொள்ள முடியுமா என்பதை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகத் தருகிறது.

கணக்கிடும் முறை எளிமையானது, நியாயமானதும்கூட. மளிகைக் கடை, பள்ளி, பூங்கா போன்றவை 5 நிமிட நடைக்குள், அதாவது ஏறத்தாழ 400 மீட்டருக்குள் இருந்தால் முழுப் புள்ளிகள் கிடைக்கும். தொலைவு கூடக்கூட அவை குறைந்து, 30 நிமிட நடைக்கு அப்பால் ஒன்றும் கிடைக்காது. 90ஐ எட்டிய முகவரியில் அன்றாட வேலைகளுக்குக் கார் தேவைப்படாது.

ஆனால், அத்தகைய தெருவிலும் நடைபாதை பெயர்ந்து கிடக்கலாம், விளக்குகள் எரியாமல் இருக்கலாம், மதுக்கூடத்தின் இரைச்சல் நள்ளிரவு வரை தூக்கத்தைக் கெடுக்கலாம். இவற்றில் எதையும் மதிப்பெண் காட்டாது. ஆகவே, இச்சேவையைக் கொண்டு நான்கைந்து பகுதிகளை மட்டும் தேர்ந்துகொண்டு, வேலைநாளின் காலை நெரிசலில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறையும் அங்கே நடந்து பார்க்குமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். வீட்டில் முதியவர்கள் இருந்தால், பேருந்து நிறுத்தம் வரை அவர்களையும் அழைத்துச் சென்று, வழியிலுள்ள சாலையை அவர்களால் பதற்றமின்றிக் கடக்க முடிகிறதா என்று கவனியுங்கள்.