வண்டி எழுத்துக்கு அனேக் தமிழ்: சாய்த்தால் தாங்குமா?

மார்த்தாண்டம், நாகர்கோவில் ஸ்டிக்கர் கடைகளுக்கு வரும் வேன்காரரும் மினி பஸ்காரரும் கேட்பது ஒன்றுதான்: தடித்து, மூலை வெட்டி, முன்னால் பாய்கிற மாதிரி எழுத்து. ஆங்கிலத்தில் அதற்கு ஃபாண்ட் கொட்டிக் கிடக்கிறது, தமிழில் அரிது. இருப்பதில் கைகொடுப்பது ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய அனேக் தமிழ் ஃபாண்ட். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் இதிலும் சாய்வெழுத்து கிடையாது, நாம்தான் சாய்க்க வேண்டும்.

எடுக்க வேண்டியது கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்ட், அதாவது அகலம் குறைந்து மிகத் தடித்த வகை. அகலம் குறையக் குறைய ட, ப, ம எல்லாம் பெட்டி போல நிற்கும். ஸ்டிக்கர் வரையும் மென்பொருளான கோரல் டிராவின் பழைய பதிப்புகளில் வேரியபிள் கோப்பு (எல்லாத் தடிமனும் அகலமும் ஒரே கோப்பில் இருப்பது) ஒத்துவராது. இறக்கிய ஜிப்புக்குள் ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டரில் தனித்தனிக் கோப்பாக இருப்பதைப் போடுங்கள். முதலில் ‘கொல்லங்கோடு’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்த கோரல் டிரா பதிப்பு யூனிகோட் தமிழுக்கு ஆகாது.

சாய்வு 8 முதல் 10 டிகிரி போதும். அதற்கு மேல் வளைவு கெடும். வலப்பக்கம் சாய்க்கும்போது வளைவின் இடது மேல்புறமும் வலது கீழ்ப்புறமும் மெலியும், மற்ற இரண்டு புறமும் பருக்கும். ‘கன்னியாகுமரி’ என்று அடித்து ன-வின் சுழியைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். எழுத்தைக் கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, மெலிந்த இடத்தில் கோட்டின் நோடைப் (இழுக்கும் புள்ளியைப்) பிடித்து நிரப்புங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் முட்டையாகிவிடும், அதை எடுத்துவிட்டு, அதே சாய்வில் ஒரு கட்டம் வைத்தால் கோண எழுத்தோடு அழகாகச் சேரும். இந்த வேலையை விட்டுவிட்டுச் சாய்த்த எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தாலே நொண்டும்.

ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் இயந்திரத்துக்கு அனுப்பும் முன், வடிவங்களை ஒன்றாக இணைக்கும் வெல்டு கொடுக்க மறக்காதீர்கள். எழுத்துக்குள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கத்தி அதையும் வெட்டிவிடும். ண, ஞ வரும் பெயரைச் சின்ன அளவில் வெட்டினால் சுழிக்குள் இருக்கும் இடைவெளி அடைபடும். அப்படிப்பட்ட சொல்லுக்கு ஒரு படி இறங்கி போல்டு போதும். வைனில் ஸ்டிக்கரில் ஊசி முனையும் வேண்டாம். வண்டி கழுவும்போது முதலில் கிளம்புவது அந்த முனைதான். 1 மில்லிமீட்டர் உருட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, நிற்கும்.

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் வண்டிகளுக்கு இன்னொரு வசதி: இதே குடும்பத்தில் அனேக் மலையாளமும் இருக்கிறது. இரண்டு மொழிப் பெயரும் ஒரே தடிமனில் நிற்கும்.

பஸ்ஸின் ஊர்ப் பெயர்ப் பலகைக்கு மட்டும் சாய்வு வேண்டவே வேண்டாம். ஓடிவந்து பஸ் பிடிப்பவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டும்.

பலர் தவறுவது பஸ்ஸின் இடப்பக்கத்தில். வலப்பக்கம் எழுத்து வண்டி போகும் திசைக்கே சாயும். இடப்பக்கம் அதே எழுத்து பின்னால் சாய்ந்து, பிரேக் பிடித்த மாதிரி தெரியும். எழுத்தையே இடப்புறம் சாய்த்துப் போட்டாலும் தமிழ் படிக்கச் சிரமம். அந்தப் பக்கம் நேர் எழுத்தே போட்டு, பாய்ச்சலுக்கு அடியில் முன்னோக்கிய பட்டை இரண்டு ஒட்டுங்கள்.