கோரமங்களா பசுமை மார்க்கெட்டிங் ஆய்வு வகுப்பு: காலை அருமை, மதியம் சுமார்

பசுமை மார்க்கெட்டிங்கில், அதாவது சூழலுக்குக் கெடுதல் இல்லாத பொருள் என்று சொல்லி விற்பது பற்றி, பிஎச்டிக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்காகப் பெங்களூரு கோரமங்களாவில் சனிக்கிழமை நடக்கும் வகுப்பு, கட்டணம் 3,500 ரூபாய். நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம், இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

காலைப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க மார்க்கெட்டிங் சங்கம் 1975இல் சூழலியல் மார்க்கெட்டிங் பற்றி நடத்திய பட்டறையில் ஆரம்பித்து, முதலில் காற்று மாசு, பூச்சிக்கொல்லி என்று சில பிரச்சினைகளோடு நின்ற பேச்சு எப்படித் தூய தொழில்நுட்பத்துக்கும் அப்புறம் நிலைத்த வளர்ச்சிக்கும் நகர்ந்தது என்று பேராசிரியர் கென் பீட்டி 2001இல் பிரித்துக் காட்டிய மூன்று கட்டங்கள் வரைக்கும், வகுப்பெடுத்த சார் தாளைப் பார்க்காமல் சொன்னார்.

மதியம் விஓஎஸ்வியூவர், அதாவது ஆய்வுக் கட்டுரைகளில் எந்தச் சொற்கள் அதிகம் வருகின்றன என்று படமாகக் காட்டும் மென்பொருள். மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதில் போடுவதற்கு இந்த வகுப்பில் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கட்டுரைப் பட்டியலை இறக்கச் சொன்னார்கள், அதற்குக் கல்லூரி லாகின் வேண்டும், இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. லாகின் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலர் கலராக வட்டங்கள் வந்தன, அதிகம் வரும் சொல்லுக்குப் பெரிய வட்டம், அது 'வாங்கும் எண்ணம்'. உடனே சார், "இதையே எடுங்கள், 300 பேரிடம் கூகுள் ஃபார்ம் போதும்" என்றார். எனக்கு அங்கேதான் எரிச்சல். பசுமைப் பொருள் வாங்குவேன் என்று டிக் அடிக்கிறவர் கடையில் போய் வாங்குவதில்லை என்பது இந்தத் துறையில் ரொம்ப வருஷமாகப் பேசப்படும் விஷயம், அப்படியிருக்க எம்பிஏ பிள்ளைகளிடம் மறுபடியும் எண்ணத்தையே கேட்டு என்ன ஆகப்போகிறது? ஓசூரிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் ஒரு கடையின் பில்லை வைத்து ஆய்வு செய்யலாமா என்று கேட்டார். அது கஷ்டம் என்பதோடு முடித்துவிட்டார்கள்.

போலிப் பசுமை, அதாவது சூழலுக்கு நல்லது என்று பொய்யாக விளம்பரம் செய்வது பற்றி ஒரே ஒரு ஸ்லைடு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்து, 'சூழலுக்கு உகந்தது' என்று பொதுவாகப் போட்டால் ஆதாரம் காட்டு என்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பாக்கெட்டில் அச்சிட்ட வாசகங்கள் எப்படி மாறின என்று பார்த்தாலே ஒரு ஆய்வு தேறும், நம் ஊர் விஷயமும்கூட. ஒரு வார்த்தை இல்லை. (டீ வந்த பேப்பர் கப்பில் பச்சை இலைப் படம் வேறு. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு.)

5க்கு 3. லாகின் இருந்தால் முழு வகுப்புக்கும் போகலாம். இல்லாதவர்கள் காலைக்கு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள், கட்டணத்தைக் குறைக்கிறார்கள்.