காம்பவுண்ட் வில் வாங்கப் போறீங்களா? 38,500 ரூபாய் போன கதை

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்ச வில்) பழகுறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் பணம் போடுங்க. போன்லயே வியாபாரம் பண்ற, பழைய விளையாட்டுச் சாமான் விக்கிற கடை. பேர் போடல. 38,500 ரூபாய் வாங்கிட்டு விரிசல் விட்ட வில்லை அனுப்பியிருக்கான்.

நம்ப வச்ச விதம்தான் வயிறு எரியுது. எடுத்த எடுப்புல, "ரெண்டு கையும் விரிச்சு விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து சொல்லுங்க சார்"னான். 67 இன்ச். "2.5 ஆல வகுத்தா 26.8. உங்களுக்கு டிரா லெங்த் 27, வெயிட் 50 பவுண்டு. டியூன் பண்ணியே அனுப்புறோம்." டிரா லெங்த்னா நாணை இழுக்குற நீளம், வெயிட்னா இழுக்க வேணுங்கிற பலம். கணக்கு கரெக்ட். தொழில் தெரிஞ்சவன் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் மொத்தப் பணமும் ஜிபேல போச்சு.

வந்தது வெளிநாட்டு வேட்டை வில், 60–70 பவுண்டு. லிம்ப்னா வில்லோட வளையுற கை; அதோட போல்ட்டைத் தளர்த்தினா பவுண்டு குறையும், ஆனா கம்பெனி சொன்ன சுத்துக்கு மேல தளர்த்தினா லிம்ப் அது சொருகியிருக்குற பாக்கெட்டை விட்டே தெறிக்கும். அதனால 60க்குக் கீழ இறங்காது. 60ங்கிறது போட்டிக்கே உச்ச வரம்பு, பழகுறவன் தோள் என்னாகும்? டிரா லெங்த் 29.5. இந்த மாடல்ல கேம்ல (முனைச் சக்கரத்துல) மாட்டுற மாட்யூல்ங்கிற துண்டை மாத்தினாத்தான் அளவு குறையும், அது பெட்டியிலயே இல்ல. ரெண்டரை இன்ச் கூடுனா ஆங்கர் (இழுத்த கை வந்து நிக்கிற இடம்) தாடையைத் தாண்டிக் காதுக்குப் போயிடும், பீப் (நாண்ல இருக்குற, குறி பாக்குற ஓட்டை) கண்ணுக்கு நேரா நிக்காது, ஸ்ட்ரிங் முன்கையில அறையும்.

அம்பு ஆறும் 500 ஸ்பைன். ஸ்பைன்னா அம்பு எவ்வளவு வளையும்ங்கிற அளவு. 28 இன்ச் இடைவெளியில தாங்கி, நடுவுல 1.94 பவுண்டு தொங்கவிட்டா அரை இன்ச் வளையுற அம்பு அது. 50 பவுண்டுக்குச் சமாளிக்கலாம், 60க்கு இதைவிட விறைப்பான 400 பக்கம் வேணும். வலுவில்லாத கார்பன் அம்பு விடுற நொடியில முறிஞ்சா, சிலாம்பு நேரா வில் பிடிச்ச கையில ஏறும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். லிம்ப் மேல பஞ்சை உருட்டினப்ப மேல் லிம்ப் கவட்டுல, சக்கர ஆக்சில் ஓரமா, நாலு இழை மாட்டி நின்னுச்சு. அங்க ஒட்டியிருந்த கேமோ ஸ்டிக்கரை நகத்தால உரிச்சா அடியில மயிரிழை விரிசல். மறைக்கத்தான் ஒட்டியிருக்கான்.

போன் பண்ணா, "கொரியர்காரனைக் கேளுங்க." அப்புறம், "அம்பு இல்லாம இழுத்து விட்டிருப்பீங்க, டிரை ஃபயருக்கு வாரன்டி கிடையாது." நாணை இழுத்து ஒரு தடவைகூட விடல! அப்புறம், "டெக்னீஷியன் லீவு." இப்ப ப்ளூ டிக் மட்டும் விழுது. 38,500!

வாங்குறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லி, லிம்ப்ல பஞ்சு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. வில் தராசுல இழுத்து பவுண்டைக் காட்டச் சொல்லுங்க. முழுப் பணம் முன்னாடி போடாதீங்க. ஏமாந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, கடைமேல புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், "காட்டுப்பன்னிக்கு ஆகும்"னு பிராட்ஹெட் அம்பை (வேட்டைக்கான பிளேடு முனை வச்சது) தலையில கட்டுவான், வாங்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகப்போறது அவன் இல்ல.