குளிர்கால வாசல் நடை: கம்பளி விரிப்பா, பச்சைத் தழையா, விளக்கா?

மூன்று குளிர்காலமாக இந்த வாசல் நடையோடு மல்லுக்கட்டி வருகிறேன். ரேழி என்று சொன்னாலும் சரி, முன்நடை என்று சொன்னாலும் சரி, கதவைத் திறந்ததும் வரும் அந்தச் சின்ன இடம். விரல் விறைத்துப்போய் வருகிறவர் உள்ளே காலை வைத்ததும் "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். ஆனால் அங்கே இருந்தது என்னவோ செருப்புக் குவியலும், வெறும் டைல்ஸ் தரையும், உச்சியில் ஒரு வெள்ளை டியூப்லைட்டும். முதல் வருஷம் தடித்த கம்பளி விரிப்பு போட்டேன். இரண்டாம் வருஷம் பச்சைத் தழை. மூன்றாம் வருஷம்தான் விளக்குக்கு வந்தேன். விளக்கே ஜெயித்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுக்கவில்லை. அதனால் நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நம்ப வேண்டாம்.

செருப்பை அடுக்கி வை, கோட்டு மாட்ட கொக்கி அடி, குடைக்கு ஒரு தொட்டி வை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. எல்லாம் சரிதான், தாண்டிப் போகலாம். தாண்டக் கூடாத ஒன்று உண்டு: கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு. காற்றடிக்கும் நாளில் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அங்கே பிடித்துப் பாருங்கள். காகிதம் படபடத்தால் கீழே சொல்லப்போகும் மூன்றில் எதை வாங்கினாலும் காசுக்குப் பிடித்த கேடு. முதலில் கதவின் அடியில் ஒட்டும் பிரஷ் பட்டையோ ரப்பர் பட்டையோ போடுங்கள், அலங்காரம் அப்புறம்.

இப்போது விரிப்பு. அதன் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்க மாட்டேன். மூன்றில் உண்மையிலேயே உடம்புக்குச் சூடு தெரிவது இதில் மட்டும்தான். டைல்ஸும் பக்கத்தில் இருக்கும் மரப் பெஞ்சும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் டைல்ஸ் நம் பாதத்துச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் சில்லென்கிறது. கம்பளியில் இழைகளுக்கு நடுவே காற்று சிறைப்பட்டிருக்கிறது, அதனால் சூடு கீழே இறங்க நேரமாகும். அந்த முதல் வாரம், ஷூவைக் கழற்றிவிட்டு அதன் மேல் வெறுங்காலோடு நின்ற சுகத்தை இப்போதும் மறக்கவில்லை.

முதல் வாரம் என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது.

என் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாசல் நடை என்பது வீட்டிலேயே அதிகம் நனையும் அறை. குளியலறையைவிடவா என்று கேட்பீர்கள். குளியலறை நனைவதற்கென்றே கட்டியது, தண்ணீர் போக வழி இருக்கிறது. நடையில் சொட்டும் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு தடவை வெளியே போய் வந்தால் ஒரு நாளைக்கு எட்டு முறை ஈரக் கால் அந்த விரிப்பில் படும். ஒரு முறை பட்டது காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் என்றே தெரியாமல் இருக்கும். ஸ்வெட்டருக்கு அது பெரிய நல்ல குணம். வாசலில் கிடக்கும் விரிப்புக்கு அதுவே வம்பு, ஏனென்றால் மேலே தடவிப் பார்த்தால் காய்ந்தாற்போல் இருக்கும், அடியில் தரையோடு ஒட்டிய பக்கம் ஊறிப்போயிருக்கும். ஒருநாள் மாலை கதவைத் திறந்ததும் நனைந்த ஆட்டு வாசனை அடித்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளிகள். என் தரை டைல்ஸ் என்பதால் துடைத்துவிட்டேன். மரத்தரையாக இருந்தால் கறை பிடித்திருக்கும், பலகையும் உப்பியிருக்கும்.

சரி, துவைத்துவிடலாம் என்று வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டது என் முட்டாள்தனம், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு பிரியவே பிரியாது. உள்ளே போனது விரிப்பு, வெளியே வந்தது பலகை. நாலு ஓரமும் மேல்நோக்கி வளைந்துவிட, வருகிறவர்கள் எல்லாம் அதில் தடுக்கினார்கள். பனி உருக்கத் தெருவில் உப்பு தூவும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் ஷூ அடியோடு வந்து படியும் வெள்ளைத் திட்டுகளும் சேரும்.

விரிப்பு வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை, கம்பளி வேண்டாம் என்கிறேன். அதுவும் ஒரே ஒரு குளிர்காலம் பட்ட பாட்டை வைத்துச் சொல்வது, நீளமான நடை உள்ளவர்கள் கதவிலிருந்து தள்ளிப் போட்டுத் தப்பிக்கலாம். இப்போது என் வீட்டில் இரண்டு அடுக்கு. கதவுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி, அது ஷூ அடியில் இருக்கும் மண்ணையும் சேற்றையும் சுரண்டி எடுப்பதற்கு. உள்ளே பாலிப்ராப்பிலீன் விரிப்பு. அந்த இழை தண்ணீரைக் குடிக்காது, உதறித் தொங்கவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். கம்பளியின் மெத்தென்ற சுகம் அதில் கிடையாது, இரண்டு வருஷத்தில் நடுப்பகுதி நசுங்கியும் போய்விட்டது. போகட்டும். பருத்தி விரிப்பு துவைக்கச் சுலபம்தான், ஆனால் குளிர்காலத்தில் அதைக் காயப்போட்டு எடுப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

இரண்டாம் வருஷத்துப் பச்சைத் தழைக்கு அதிக வார்த்தை செலவழிக்க ஒன்றுமில்லை. ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டி வாங்கிவந்து கதவின் உட்புறம் மாட்டினேன். (இதைத் தமிழில் மலர்வளையம் என்று சொன்னால் வருகிறவர்கள் "யார் தவறிப்போனது?" என்று கேட்பார்கள், அதனால் தழை வளையம் என்றே வைத்துக்கொள்வோம்.) மாட்டிய அன்று வாசனையும் பசுமையும் சேர்ந்து காட்டுக்குள் நுழைந்தது மாதிரி அப்படி ஒரு அழகு. மூன்றாவது வாரம் கதவைச் சாத்தும்போதெல்லாம் பொலபொலவென்று ஊசி உதிர்ந்தது. வெட்டிய கிளை வெளியே குளிரில் இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும், உள்ளே ஹீட்டர் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த ஊசியிலை மளமளவென்று பற்றும் என்பதால் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தழை இல்லாவிட்டாலும் நடையில் மெழுகுவர்த்தி எனக்குச் சம்மதமில்லை, கதவு திறக்கும்போது காற்று வீசும் இடம், சுற்றிலும் கோட்டும் சால்வையும் தொங்கும் இடம். மாட்டத்தான் வேண்டும் என்றால் கதவின் வெளிப்பக்கம் மாட்டுங்கள். பிளாஸ்டிக் தழையை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை, வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் பார்த்தது தூசியைத்தான்.

விளக்குக்கு வருவோம். உச்சியில் ஒற்றை விளக்கு எரியும் நடையில் வெளிச்சம் நேராகத் தரையில்தான் கொட்டும். முகத்தில் நிழல் விழும், செருப்புக் குவியல் மட்டும் பளிச்சென்று தெரியும். அதை அணைத்துவிட்டு, ஒரு சின்ன மேஜை விளக்கைத் துணி மூடியோடு இடுப்பு உயரத்தில் ஒரு மூலையில் வைத்து, வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பும்படி செய்யுங்கள். பல்ப் கண்ணுக்கு நேராகத் தெரியக் கூடாது. கண்ணாடி இருந்தால் விளக்கின் வெளிச்சம் அதில் விழுகிற மாதிரி மாட்டினால் இரண்டு விளக்கு எரிகிற மாதிரி இருக்கும்.

பல்ப் வாங்கும்போது என்னை மாதிரி ஏமாறாதீர்கள். நிறத்தைக் கெல்வின் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். அது தலைகீழான கணக்கு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின், பழைய இழை பல்ப் 2,700, நடுப்பகல் வெளிச்சம் மாதிரி இருப்பவை 5,000-லிருந்து 6,500 வரை. எண் பெரிதாக இருந்தால் நல்லது போலிருக்கிறது என்று 6,500 வாங்கி வந்து போட்டேன், நடை மருந்துக்கடை போல ஆகிவிட்டது. 2,700 அல்லது அதற்கும் கீழே வாங்குங்கள், பாக்கெட்டில் வார்ம் வைட் என்று இருக்கும். சிஆர்ஐ என்று இன்னொரு எண் இருக்கும், அது 90-க்கு மேல் இருந்தால் மரத்தின் நிறமும் மனிதர் முகமும் உள்ளபடி தெரியும், 80 இருந்தாலும் குடிமுழுகிப் போகாது. வெளிச்சத்தின் அளவு 250-லிருந்து 450 லூமென் போதும். இருட்டிலிருந்து வருகிற கண்ணுக்கு அதுவே தாராளம், அதற்கு மேல் போனால் கூசும். டிம்மர் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பழைய இழை பல்பைக் குறைத்தால் வெளிச்சம் மேலும் மஞ்சளாகும், சாதாரண எல்இடி குறையும்போது மங்குமே தவிர நிறம் மாறாது.

இப்போது அதே பராமரிப்புக் கேள்வியை இதனிடம் கேளுங்கள். நனையாது, உதிராது, ஆட்டு வாசனை அடிக்காது. துணி மூடியை மாதம் ஒரு முறை தட்டினால் முடிந்தது. 5 வாட் பல்ப் தினம் 5 மணி நேரம் எரிந்தால் 90 நாளைக்கும் சேர்த்து இரண்டேகால் யூனிட் மின்சாரம். என் பல்ப் பாக்கெட்டில் ஆயுள் 15,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. அதில் பாதிதான் உழைக்கும் என்று வைத்தாலும், குளிர்காலத்துக்கு 450 மணி நேரம் என்ற கணக்கில் 16 வருஷம் ஓடும். ஒரு டைமரில் சொருகிவிட்டேன், இருட்டுவதற்குச் சற்று முன் தானே எரிகிறது, படுக்கும் நேரத்துக்கு அணைகிறது. நான் வீடு திரும்பும்போது, ஆள் இல்லாத வீட்டிலும் யாரோ எனக்காக விழித்திருப்பது போல வாசல் மஞ்சளாக இருக்கிறது. எனக்கு இது போதும்.

குறையும் உண்டு. காலுக்கு ஒரு சூடும் தராது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நடை ஒரு டிகிரி கூட ஏறியிருக்காது. அதனால்தான் அந்த நசுங்கிய விரிப்பு இன்னும் கிடக்கிறது. விளக்கின் வயரை மட்டும் விரிப்புக்கு அடியில் ஓட்டாதீர்கள், மிதிபட்டு உறை கிழியும், சூடும் வெளியேறாது.

நடையில் பிளக் பாயின்ட்டே இல்லை என்றால்? அங்கே எனக்கு அனுபவம் குறைவு. சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, நாலு நாளைக்கு ஒரு முறை கழற்றிச் சார்ஜில் போட மறந்து போய் கடைசியில் அது புத்தக அலமாரிக்கு இடம் மாறிவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்றால் வாங்கலாம். நானாக இருந்தால் உச்சியில் இருக்கும் விளக்கிலேயே பல்பை 2,700-க்கு மாற்றி, அதற்கு ஒரு துணி மூடி போட்டு, மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வேன்.