ஆக்சஸில் ஓர் ஆர்டரை முழுக் குடும்பத்தோடு நகலெடுப்பது

எங்களிடம் புது ஆர்டர் என்று வருவதில் பெரும்பாலானவை பழைய ஆர்டர்கள்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் சமையல் எடுக்கிறோம். பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறோம். தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளி விடுமுறையில் வரும் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கூழ் என்று கோயில் நிர்வாகத்தார் வருடந்தோறும் வருவார்கள். "போன வருடம் போலவே செய்துவிடுங்கள், ஐம்பது இலை மட்டும் கூட" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒற்றை வரியைக் கணினியில் ஏற்றப் பக்கம் பக்கமாகத் தட்ட வேண்டும்.

வாட் வரி 14 சதவீதமாக இருந்த காலத்திலிருந்தே எங்கள் கணக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். மூன்று அட்டவணைகள்: மதிப்பீடு (ஓர் ஆர்டருக்கு ஒன்று), அதன் கீழ் நிகழ்ச்சிகள், ஒவ்வொரு நிகழ்ச்சியின் கீழும் பொருள்கள். ஒரு கல்யாணம் என்றால் நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். படிவத்தில் பொத்தான் வைக்கும்போது ஆக்சஸின் வழிகாட்டி 'பதிவை நகலெடு' என்று ஒரு வசதியைக் காட்டும். அது படிவத்தில் நிற்கும் ஒரே பதிவை மட்டும் நகலெடுக்கும். படிவத்துக்குள் பதித்த உள்படிவத்தில் இருக்கும் நிகழ்ச்சிகளும் பொருள்களும் வராது; தலை வரும், உடல் வராது. மதிப்பீட்டு எண்ணுக்கு 'இரட்டிப்பு கூடாது' என்று விதி வைத்திருந்தால் தலையும் வராது.

ஆகவே ஆக்சஸுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழியான விபிஏ-வில் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். மதிப்பீட்டு அட்டவணையை ரெக்கார்ட்செட்டாக (நிரல் படித்து எழுதக்கூடிய பதிவுத் தொகுப்பாக) திறந்து, ஆட்நியூ, அப்டேட் கட்டளைகளால் புதுப் பதிவைச் சேர்த்ததும், புக்மார்க்கை (நிற்கும் இடத்தை) லாஸ்ட்மாடிஃபைடுக்கு, அதாவது கடைசியாக எழுதிய பதிவுக்கு, நகர்த்தினால் ஆட்டோநம்பர் புலம் தானாகக் கொடுத்த புதிய எண் கிடைத்துவிடும். இரண்டே அட்டவணைகள் என்றால் அந்த எண்ணை வைத்து ஒரே சேர்ப்பு வினவலில் (பதிவுகளை மொத்தமாக அட்டவணையில் சேர்க்கும் கட்டளையில்) வேலை முடிந்தது. மூன்றாவது தலைமுறை வந்தால்தான் சிக்கல். நிகழ்ச்சிகளை மொத்தமாகச் சேர்த்தால், எந்தப் பழைய நலங்குக்கு எந்தப் புதிய நலங்கு என்று தெரியாமல் பொருள்கள் அந்தரத்தில் நிற்கும். அதனால் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒன்றைச் சேர்த்து, அதன் புது எண்ணை எடுத்து, அதற்குரிய பொருள்களை உடனே சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். எங்கள் அளவுக்கு இதன் வேகம் தாராளம்.

நகலெடுக்கக் கூடாதவற்றை முடிவு செய்வதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. முன்பணம், ரசீது எண், 'உறுதி' என்ற குறி, தேதி நான்கும் காலியாக வர வேண்டும். வாட் விகிதம் மதிப்பீட்டிலேயே பதிந்திருக்கிறது. பழைய பில்லை எப்போது அச்சடித்தாலும் அன்றைய விகிதம்தான் வர வேண்டும் என்பதால் அது சரிதான். ஆனால் நகலில் அது இன்றைய அமைப்பிலிருந்து வர வேண்டும். 2018 ஏப்ரல் 1-இல் வரி 15 ஆனது. 2017 ஆர்டரை அப்படியே நகலெடுத்தால் 14 ஒட்டிக்கொண்டு வரும். 2025 மே மாதம் 15.5 ஆகும் என்று அறிவித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் அரசு பின்வாங்கியபோது, நாங்கள் தொட வேண்டியிருந்தது அமைப்பு அட்டவணையின் ஒரு கட்டத்தை மட்டும்தான். விலையும் இப்படித்தான்: அளவைப் பழைய ஆர்டரிலிருந்து எடுக்கிறோம், விலையை விலைப்பட்டியலோடு இணைத்து எடுக்கிறோம். போன வருட மட்டன் விலைக்கு இந்த வருடம் பிரியாணி தேக்சா (பெரிய அண்டா) ஏற்றினால் கடையை மூட வேண்டியதுதான்.

மணமேடைப் படங்களை இணைப்புப் புலத்தில் (கோப்பையே பதிவுக்குள் வைக்கும் புலத்தில்) வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். அந்த வகைப் புலத்தைச் சேர்ப்பு வினவல் ஏற்காது. ஆக்சஸ் கோப்பும் அதன் 2 ஜிபி வரம்பை நோக்கி வீங்கும். படங்கள் ஒரு கோப்புறையில், அட்டவணையில் அதன் பாதை மட்டும்.

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் கற்றது இன்னொன்று. முழு நகலையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காத ஒரே தொகுப்புக்குள்) வைத்துவிட வேண்டும். பாதியில் ஏதாவது பிழை வந்தால் ரோல்பேக், அதாவது செய்ததெல்லாம் ரத்து. இல்லையென்றால் முகூர்த்தம் இருக்கும், அதற்குச் சோறு இருக்காது. மின்சாரம் போனாலும் கணினியைச் சற்று நேரம் ஓட்டும் சிறிய யுபிஎஸ் ஒன்றும் அவசியம், ஏனென்றால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பே கெடலாம்.

புரட்டாசித் தேதிகளைப் பஞ்சாங்கம் பார்த்து ஒரு சின்ன அட்டவணையில் வைத்திருக்கிறோம். புது ஆர்டரின் தேதி அதற்குள் விழுந்தால், இறைச்சிப் பொருள்களைப் படிவம் சிவப்பில் காட்டும். நீக்குவது மட்டும் கையால்தான். புரட்டாசியிலும் மட்டன் கேட்கிற வீடுகள் இருக்கின்றன.